குறைந்த கூலன்ட் எங்கே போனது?

காரில் கூலன்ட் குறைந்திருப்பது தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். தண்ணீர் பாட்டிலை எடுத்து ரிசர்வ் டேங்கில் கோடு வரை ஊற்றிவிட்டு, பானட்டைச் சாத்திவிடுவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் ஊற்றுவார்கள். பராமரிப்பு என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியம் பழுதின் தடயத்தைத்தான் கழுவிவிடுகிறது. பெட்ரோல் எரிந்து தீரும். எஞ்சின் ஆயிலும் கொஞ்சம் எரியலாம். கூலன்டுக்கு அப்படித் தீர்ந்துபோக வழியில்லை. அது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மூடிய பாதையில் சுற்றி வருகிறது. பல கார்களில் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் வால்வு, வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தை உள்ளே தேக்கிவைக்கிறது. வீட்டுக் குக்கரில் நடப்பதும் இதுவே: அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். ரிசர்வ் டேங்கில் வருஷக்கணக்கில் கொஞ்சம் இறங்கினால் பொருட்படுத்த வேண்டாம். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

தேடலில் முதல் குழப்பம் ஏசியால் வரும். காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் பெரும்பாலும் ஏசி வடிக்கும் ஈரம்தான். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது, காய்ந்தால் சுவடும் இருக்காது. கூலன்ட் வழவழப்பாக இருக்கும், தித்திப்பான வாடை வரும், காய்ந்த இடத்தில் பொருக்குப் படியும். (நாக்கில் தொட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. கீழே சிந்தியதைத் தெருநாய் நக்குவதற்குள் துடைத்துவிடுவது நல்லது.) அந்தப் பொருக்கு இருக்கும் இடமே பாதி விடை. ஹோஸ் முனையில் இருந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம் அல்லது ரப்பர் வெடித்திருக்கலாம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் இருந்தால், சூட்டில் வயதான பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்திருக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் புகாமல் வெளியேறட்டும் என்று தயாரிப்பவர்களே விட்டது அது. அங்கே சொட்டுகிறதே என்று பசை வைத்து அடைக்கும் கைவைத்தியம், பம்பைச் சீக்கிரம் கொல்லும் வழி.

ஆனால் கண் எல்லாவற்றையும் காட்டிவிடாது. சூடான எஞ்சினில் சொட்டு விழுமுன்பே ஆவியாகிவிடும். மின்விசிறிக் காற்று அதை வேறெங்கோ கொண்டுபோய்ப் பூசும். ஆகவேதான் பாகம் எதையும் மாற்றுவதற்கு முன் அழுத்தச் சோதனை வேண்டும் என்கிறேன். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து, அந்த வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்றி, முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் இறங்கி, எங்காவது ஈரமும் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. முள் இறங்கியும் வெளியே ஈரமே இல்லையென்றால், உள்ளே தேட வேண்டும். முன்சீட்டின் கால்விரிப்பு நனைந்து, முன்கண்ணாடியில் பிசுபிசுத்த மூட்டம் படிந்தால் ஹீட்டர் கோர். ஆயில் பால்போல் வெளுத்திருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டாலோ ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். கேஸ்கட்டைக் கழற்றாமலே சோதிக்க ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து இழுத்த காற்றை அதன் வழியே செலுத்தும்போது, எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். முள் இறங்கவேயில்லை என்றால்? மூடியையும் அதே கருவியில் சோதிக்க வேண்டும். வால்வு தளர்ந்த மூடி கூலன்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் மலிவான பாகம் அதுதான்; கடைசியாகச் சந்தேகிக்கப்படுவதும் அதுதான்.

பனி உறையாத நம் ஊரில் கூலன்ட் எதற்கு, தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்கால் கலவையைவிடத் தண்ணீர் மேல். பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை மைனஸ் 37 டிகிரி வரை இறங்கும் என்பதால் மதுரைக்காரருக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் கூலன்டில் அவர் காசு கொடுத்து வாங்குவது கொதிநிலை உயர்வையும், அதைவிட முக்கியமாக, அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்களையும். தண்ணீர் ஊற்ற ஊற்ற அவை நீர்த்துப்போகின்றன. ஊற்றுவது போர்வெல் தண்ணீராக இருந்தால் உப்பும் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. முதல் ஓட்டைக்குச் செய்த வைத்தியமே இரண்டாவது ஓட்டையைத் தயாரிக்கிறது. இதே ரகம்தான், சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதும். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஓட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொரு சமாதானம்: டாஷ்போர்டில் வெப்ப முள் ஏறவில்லையே! அந்த முள்ளை நகர்த்தும் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் அது காற்றின் சூட்டைத்தான் அளக்கும். முள் நடுவில் அமைதியாக நிற்கும்போதே அலுமினிய ஹெட் வளைந்துகொண்டிருக்கலாம். ஓட்டையடைக்கும் பவுடர் இருக்கிறதே என்றால், நடுவழியில் ஊர் போய்ச் சேர அது உதவலாம். ஆனால் எது ஓட்டை, எது ஹீட்டர் கோரின் குழாய் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இடம் தெரிந்த பிறகு பழுதுபார்ப்பது பெரும்பாலும் எளிது. ஹெட் கேஸ்கட்தான் பெரிய செலவு. பாகத்தை மாற்றி, காருக்கான கையேடு சொல்லும் வகைக் கூலன்டை நிரப்பி (நிறத்தை நம்பி வாங்கக் கூடாது, அதற்குப் பொது விதி கிடையாது), உள்ளே சிக்கிய காற்றை முழுதாக வெளியேற்றி, அதே அழுத்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய ஓட்டை இத்தனை நாளும் அழுத்தத்தை இறக்கிக்கொண்டிருந்திருக்கும். அது அடைபட்டு முழு அழுத்தம் திரும்பியதும், அதுவரை தாக்குப்பிடித்த வேறொரு கிழட்டு ஹோஸ் வாய் திறக்கலாம். அது நெடுஞ்சாலையில் திறப்பதைவிட, பம்பின் முள்ளுக்கு எதிரே ஒர்க்‌ஷாப்பிலேயே திறந்துகொள்ளட்டும்.