கணனியை விற்றது கணக்குப் புத்தகம்

கணனியில் நாம் தொட்டுப் பார்க்கக்கூடிய பாகங்கள் வன்பொருள் எனப்படும். அப்பாகங்களை வேலை செய்ய வைக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். தையல் மெசினும் தைக்கத் தெரிந்த கையும் போல, ஒன்றில்லாமல் மற்றதனால் பயனில்லை. சந்தையில் ஒரு கணனி வெல்வதும் தோற்பதும் இவ்விரண்டின் பொருத்தத்தில்தான் தங்கியுள்ளது.

1977 இல் அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் 'அப்பிள் 2' கணனியை வெளியிட்டது. ஆரம்பத்தில் இதனை ஆர்வலர்களே பெரும்பாலும் வாங்கினர். வியாபாரம் செய்வோருக்கு அதன் பயன் விளங்கவில்லை. 1978 இல் தகவல்களைச் சேமிக்கும் தட்டு இயக்கி அதற்கு வந்தது. 1979 இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய 'விசிகல்க்' என்ற மென்பொருள் வந்தது. அது கணக்குப் புத்தகத்தின் பக்கத்தை அப்படியே திரையில் காட்டியது. ஓர் எண்ணை மாற்றினால், அதனோடு தொடர்புடைய கூட்டுத்தொகைகள் எல்லாம் தாமாகவே மாறின. தாளில் அழித்து அழித்து எழுதிய வேலை நொடியில் முடிந்தது. ஏறத்தாழ 100 டொலர் பெறுமதியான இம்மென்பொருளுக்காகவே பலர் அதனைவிடப் பல மடங்கு விலையான கணனியை வாங்கினர்.

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணனியை விற்பனைக்கு விட்டது. மற்றவர்களும் அதற்கு உதிரிப்பாகங்களும் மென்பொருள்களும் செய்யக்கூடியவாறு தொழில்நுட்ப விபரங்களை வெளியிட்டது. 1983 இல் வந்த 'லோட்டஸ் 1-2-3' என்ற கணக்கு மென்பொருள் அதன் விற்பனையை மேலும் உயர்த்தியது.

ஆனால் அக்கணனியின் இயக்க மென்பொருளை வழங்கிய மைக்ரோசொப்ட், அதனைப் பிறருக்கு விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தது. கொம்பக் முதலிய நிறுவனங்கள் அதே மென்பொருள்கள் இயங்கும் கணனிகளைச் செய்தன. வாங்குவோர் பெட்டியின் பெயரை அல்ல, தமது வேலை நடக்குமா என்பதையே பார்த்தனர். 2005 இல் ஐ.பி.எம். தனது தனியாள் கணனி வியாபாரத்தையே சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

சகோதரிகளே, கடன்பட்டுக் கணனி வாங்க எண்ணுவோர் இதனை மனதிற் கொள்ளுங்கள். என்ன வேலைக்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள். அதற்குரிய மென்பொருள் எது, அது இயங்க எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கேளுங்கள். அதன் பின்னரே விலையைப் பேசுங்கள். 'லிப்ரே ஒபிஸ்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சங்கக் கணக்கையும் கடைக் கணக்கையும் அதில் எழுதலாம். பெட்டி பழுதடைந்தாலும் பழகிய தொழில் உங்களிடமே இருக்கும்.