பனிக்குள் அடைபட்ட காற்று

1965ஆம் ஆண்டு, அண்டார்க்டிகாவின் அடெலி நிலப்பகுதி. பகல் முழுக்கப் பனியைத் துளையிட்டுவிட்டுக் கூடாரம் திரும்பிய பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் லோரியஸ், ஆழத்திலிருந்து எடுத்த பனிக்கட்டித் துண்டை விஸ்கியில் போட்டார். கட்டி உருக உருகக் குமிழிகள் பொரிந்து வெளியேறின. பனி இறுகிய காலத்துக் காற்றல்லவா இது என்று அவருக்குச் சட்டென உறைத்தது.

அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் விழும் பனி கோடையிலும் உருகுவதில்லை. ஆண்டுக்காண்டு சேரும் பாரத்தில் கீழடுக்கு நசுங்கி, ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழத்தில் கட்டியாகிறது. பனித்துகள்களுக்கு இடையே உலவிய காற்று அங்கேயே அடைபட்டுப் போகிறது. அதைப் பிரித்தெடுத்தால் அக்காலக் கரியமில வாயுவின் அளவு தெரியும். அந்தக் காலத்து வெப்பநிலையைப் பனிக்கட்டியின் நீரே சொல்லிவிடும். கனமான ஆக்சிஜன் அணு உள்ள நீர் மூலக்கூறுகள், குளிர் கூடும்போது வழியிலேயே மழையாகவும் பனியாகவும் இறங்கிவிடும்; துருவம்வரை வந்து சேர்பவை குறையும்.

அண்டார்க்டிகாவிலுள்ள ரஷ்யாவின் வஸ்தோக் நிலையத்தில் 1998இல் 3,623 மீட்டர் ஆழம் எட்டினார்கள். கிடைத்தது நான்கு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு. ஐரோப்பியர்கள் டோம் சி என்ற இடத்தில் துளையிட்டது எட்டு லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோனது. வெப்பமும் கரியமில வாயுவும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. பனியுகங்களில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 180 பங்கு. இடைப்பட்ட வெப்பக் காலங்களில் கூடினாலும் சுமார் 300ஐத் தாண்டவில்லை.

அந்த ஏற்ற இறக்கங்களில் முதலில் அசைந்தது பூமிதான். அதன் பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் சிறிது சிறிதாக மாறுவதால், வடபகுதிக்குக் கிடைக்கும் கோடை வெயில் கூடிக் குறைகிறது. செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் கணக்கிட்டுக் காட்டியது இது. வெயில் கூடினால் பனி குறையும். வெண்பரப்பு சுருங்கினால் நிலமும் கடலும் கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும். சூடான கடல் கரியமில வாயுவை வெளியே விடும். அது இன்னும் சூடேற்றும்.

"முன்பெல்லாம் வெப்பம்தானே முதலில் ஏறியது, வாயு பிறகுதானே வந்தது" என்று இதையே காட்டி இன்றைய ஆபத்தை மறுப்பவர்கள் உண்டு. அது பெரும் பிழை. சிறு தூண்டலையும் இந்த வாயு எவ்வளவு பெரிதாக்கும் என்பதற்கே பனிக்கட்டி சாட்சி. இம்முறை தூண்டலே வாயுவிடமிருந்து வருகிறது. அதைப் புகைபோக்கிகள் வழியே அனுப்புவது நாம்.

வேகமும் முன்பு போல் இல்லை. கடைசிப் பனியுகம் முடிந்தபோது சுமார் 80 பங்கு ஏறுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஒரு மனிதர் பிறந்து ஓய்வு பெறும் காலத்துக்குள் நூறு பங்குக்கு மேல்! வடதுருவத்தில் விளைவு கண்கூடு: 1979 முதல் ஆர்க்டிக், உலக சராசரியைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது.

2025 ஜனவரியில் டோம் சி அருகே 2,800 மீட்டர் துளையிட்டு ஐரோப்பியக் குழு அடிப்பாறையைத் தொட்டது. அந்தப் பனிக்கட்டியில் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காற்றும் இருக்கிறது. ஏறக்குறைய 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோன பனியுகங்கள், சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை என ஏன் நீண்டன? அந்தக் குமிழிகளிடம் விஞ்ஞானிகள் இப்போது கேட்கும் கேள்வி இதுதான்.