புளொக்கைப் பாராமல் பணத்தைப் போடாதீர்கள்

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பார்கள் நம் பெரியவர்கள். பழைய கார் எஞ்சினை முதன்முறையாகப் பிரித்துச் செய்ய நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான புத்திமதி வேறில்லை.

யுத்தத்தினாலோ மண்சரிவினாலோ இருந்த இடத்தை விட்டு வந்த குடும்பங்கள் ஊவாவில் பல உள்ளன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டன. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிந்து பலர் வீடிழந்தனர். இப்படி வந்தவர்கள் புதிய இடத்தில் மரக்கறி பயிரிட்டாலும், விளைந்ததைக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கோ பண்டாரவளைச் சந்தைக்கோ கொண்டுபோக வாகனம் வேண்டும். வாடகை கொடுத்தே இலாபம் கரைந்துவிடும். அந்த நேரத்தில்தான் உறவினர் வளவில் நிற்கும் பழைய மொரிஸ் மைனர் கண்ணில் படுகிறது. "எஞ்சினை மட்டும் செய்தால் ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். காதில் கிடந்த தோடு அடகுக்குப் போகும்.

நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன். புதிய பிஸ்டனும் ரிங்கும் வாங்கிப் பூட்டினேன். கொஸ்லந்தையிலிருந்து பெரகலை ஏற்றத்தில் ஏறும்போது ரேடியேற்றர் கொதித்தது. மறுபடி பிரித்தபோது இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பு. அது முன்பே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அன்று போன பணம் திரும்பி வரவில்லை. அந்த நட்டம் வாசகர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புளொக் என்பது என்ன?

வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ, எஞ்சினுக்குப் புளொக் அப்படி. மொரிஸ் மைனரில் இது வார்ப்பிரும்பால் ஆனது. நான்கு சிலிண்டர்களும், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழியும், கீழே கிராங்க் ஷாஃப்ட் கிடக்கும் மூன்று மெயின் பெயறிங் இடங்களும் இதிலேயே உள்ளன. பிஸ்டன், ரிங், வால்வு, பெயறிங் எல்லாம் மாற்றக்கூடியவை. புளொக் கெட்டால் இவற்றில் எதை மாற்றியும் பயனில்லை.

மலைநாட்டில் இதற்குச் சோதனை அதிகம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் 95 பாகையளவில் கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி இக்குறை நீங்கும். மூடி பழுதான வண்டி, முதலாம் கியரில் பாரத்தோடு ஏறும்போது கொதிக்கும். கொதித்த எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கலாம்.

பிரிப்பதற்கு முன்

முதலில் பத்திரத்தைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கமும் புளொக்கிலுள்ள சிறு தகட்டின் இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். இடம்பெயர்ந்தபோது பத்திரம் தொலைந்திருந்தால், பணம் செலவிடுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஓயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஓயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் காஸ்கட் போயிருக்கலாம், வெடிப்பும் இருக்கலாம். ஓயிலில் மண்ணெண்ணெய் மணத்தால் அதையும் கவனியுங்கள். 1990களில் வடக்கில் பெற்றோல் தடுக்கப்பட்டிருந்தபோது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நம்மில் பலர் அறிவர். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைக் கடந்து ஓயிலில் இறங்கும். மெலிந்த ஓயில் சிலிண்டரைக் காக்காது. தேய்மானம் விரைவில் வரும்.

வெடிப்பைக் கண்டுபிடித்தல்

எஞ்சினைப் பிரித்தபின் புளொக்கைக் கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் நன்றாகக் கழுவுங்கள். பக்கத்திலுள்ள வட்டத் தகட்டு மூடிகளைக் கழற்றி, தண்ணீர் வழியில் படிந்த துருச்சேற்றை வழித்தெடுங்கள். அழுக்குப் புளொக்கில் எந்தக் குறையும் தெரியாது.

பிறகு சந்தேகமான இடங்களில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிடுங்கள். ஈரமே இல்லாமல் துடைத்து, மேலே சோக்குத் தூளை மெல்லியதாகப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் ஊறி வெளியே வந்து, வெள்ளைத் தூளில் கறுத்த கோடாகத் தெரியும். ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் கையாளப்பட்ட முறை இது. சிலிண்டர்களுக்கு நடுவிலும், ஹெட் போல்ட் துளைகளைச் சுற்றியும், வெளிச்சுவரிலும், பெயறிங் இடங்களிலும் இப்படிப் பாருங்கள். ஆனால் மேலே தெரியாத உள்வெடிப்பை இது காட்டாது. அதற்குத் துளைகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கும் பட்டறைக்கே போகவேண்டும்.

அடுத்து, ஹெட் உட்காரும் முகத்தில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை நீளவாட்டிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். 0.10 மில்லிமீற்றர் தகடு நுழைந்தால் பட்டறையில் முகத்தைச் சீவி மட்டமாக்க வேண்டும்.

தேய்மானத்தை அளத்தல்

சிலிண்டர் மேற்பகுதியில், ரிங் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அதிகம் தேயும். அங்கே அழுத்தமும் சூடும் கூட, ஓயில் குறைவு. மேல்விளிம்பில் விரல் நகம் தடுக்கும் மேடு இருந்தால் தேய்ந்திருக்கிறது என்று அறியலாம்.

எவ்வளவு என்று அறிய ஒரு ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளி மட்டமாக்கி, அதன் வாய் இடைவெளியை அளவுங்கள். பின்பு மேலே, மேட்டுக்குக் கீழே வைத்து அளவுங்கள். வித்தியாசத்தை மூன்றால் பிரித்தால் விட்டத்தில் தேய்ந்த அளவு கிடைக்கும். அடியில் 0.40, மேலே 0.85 என்றால் வித்தியாசம் 0.45, தேய்மானம் ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர். இந்த அளவு தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டால் சில மாதங்களில் மறுபடி புகை வரும். சிலிண்டர் முட்டை வடிவாகத் தேய்ந்திருப்பதை ரிங் காட்டாது. கராஜில் போர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு முன் போர் செய்திருக்கிறார்களா?

"இன்னும் கை வைக்காத எஞ்சின்" என்று விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். 020, 040 என்று அடித்திருந்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு ஏற்கனவே பெருப்பிக்கப்பட்டுவிட்டது. சிலிண்டரின் அடிப்பகுதியை அளந்தும் அறியலாம். மொரிஸ் மைனரின் 948 சீசீ எஞ்சினில் முதல் விட்டம் 62.94 மில்லிமீற்றர்; 1098 சீசீயில் 64.58. 948 சீசீ புளொக்கில் அடியில் 63.45 வந்தால் 020 அளவுக்கு ஒருமுறை போர் செய்தாயிற்று. ஒவ்வொரு முறையும் சுவர் மெலிகிறது என்பதை மறக்கவேண்டாம்.

எப்படி முடிவெடுப்பது?

வெடிப்பும் இல்லை, தேய்மானமும் சிறிது என்றால் புது ரிங்குடன் தப்பலாம். தேய்மானம் கூட, ஆனால் பெருப்பிக்க இடமுண்டு என்றால் போர் செய்யலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் ஆழமான கீறல் என்றால் ஸ்லீவ் போடமுடியும். பெயறிங் இடத்தில் வெடிப்பு, அல்லது நான்கு சிலிண்டருக்கும் ஸ்லீவ் வேண்டுமென்றால், வேறு புளொக் தேடுவதே மலிவு.

போர் செய்வதென்றால் முதலில் பிஸ்டன்களை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பவே சிலிண்டரைக் கடையவேண்டும். புளொக்கை முதலில் கடைந்துவிட்டு, அந்த அளவில் பிஸ்டன் கிடைக்காமல் கடை கடையாக அலைந்தவர்கள் உண்டு. மெயின் பெயறிங் மூடிகளைக் கழற்றும்போது இலக்கமிட்டு வையுங்கள். இடம் மாற்றிப் பூட்டினால் கிராங்க் ஷாஃப்ட் இறுகிவிடும்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஒருநாள் வேலை. செலவு ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு துண்டுச் சோக்கும்தான். புளொக் நல்லதென்று கண்டபின் தோட்டை அடகு வையுங்கள். கெட்டதென்று கண்டால், தோடு காதிலேயே இருக்கட்டும்.