வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் ரோடுகள்

பிரான்ஸில் நதிக்கரையோரம் சைக்கிள் ஓட்ட ஆசை என்று யாரிடம் சொன்னாலும் லுவார் நதிக்குப் போ என்பார்கள். சுமார் 900 கிலோமீட்டர், வழியெல்லாம் பலகை, பக்கத்திலேயே கோட்டைகள். நல்ல பாதைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுத வந்தது பலகை இல்லாத ரோடுகளைப் பற்றி. அந்த நாட்டுக் கிராமங்களில் மணிக்கு நாலைந்து கார் மட்டும் போகிற, குண்டும் குழியும் இல்லாத தார் ரோடுகள் ஏராளமாக இருக்கு. அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி, அவை ஏன் அவ்வளவு காலியாக இருக்கு என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். இரண்டாவது கேள்விதான் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது.

வேலை விஷயமாகச் சில மாதங்கள் துலூஸ் நகரத்தில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை சைக்கிளோடு ரயில் ஏறி, வடக்கே லோத் மாவட்டத் தலைநகரான காவோரில் இறங்கினேன். போன் காட்டிய குறுக்கு வழியில் கிளம்பினேன். ரோட்டின் பெயர் டி820. பிரான்ஸில் 'டி' என்றால் மாவட்ட ரோடு, 'என்' என்றால் தேசிய ரோடு என்று படித்திருந்தேன். அதனால் டி என்றால் சின்ன ரோடாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். பத்தே நிமிடத்தில் லாரிகள் காற்றால் என்னை ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தன. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அறைக்கு வந்து தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. 2004-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, 2006 வாக்கில் சுமார் 18,000 கிலோமீட்டர் தேசிய ரோடுகளை மத்திய அரசு மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. பாரிஸிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை போன பழைய என்20 இங்கே டி820 ஆனது. என்111 டி811 ஆனது, என்140 டி840 ஆனது. நம்ம ஆட்கள் பழைய வேரியபிளுக்குப் புதுப் பேர் வைப்பார்களே, அதே கதை. பேர் மாறினாலும் உள்ளே ஓடுகிற லாரி அதேதான். லோத் மாவட்டத்தில் டி-க்குப் பிறகு எட்டில் தொடங்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்தால் உஷாராகிவிடுவேன். மற்ற மாவட்டங்களில் வேறு எண்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அதனால் இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்தையும் எண்ணையும் நம்புவதைவிட நிறத்தை நம்பலாம். மிஷெலின் டயர் கம்பெனி 1910-லிருந்து பிரான்ஸுக்கு ரோடு மேப் போடுகிறது. அதில் சிவப்பு பெரிய ரோடு, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை மிச்சமெல்லாம். நமக்கு வேண்டியது வெள்ளை. ஓரத்தில் பச்சைக் கோடு ஓடினால் காட்சி நன்றாக இருக்கும் என்று அர்த்தம். ரோட்டின் மேல் அம்புமுனை போட்டிருந்தால் அங்கே ஏற்றம். ஒன்றுக்கு மேல் அம்பு இருந்தால் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காகித மேப் பிடிக்காதவர்களுக்கு பிரௌட்டர் என்ற திறமூலக் கருவி இருக்கு. எந்த வகை ரோட்டுக்கு எவ்வளவு 'செலவு' என்பது அதில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில்தான் இருக்கும், நாமே திறந்து மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஞாயிறு முழுக்க அதோடு விளையாடினேன். கடைசியில் அது போட்டுத் தந்த வழி, மிஷெலினின் வெள்ளை ரோடுகளை அப்படியே ஒத்துப்போனது.

நதிப் பள்ளத்தாக்கில் இன்னொரு சுலபமான வழியும் உண்டு. பெரிய ரோடு பெரும்பாலும் ஒரு கரையை எடுத்துக்கொள்ளும். மறு கரையில் ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போகிற ஒரு சின்ன ரோடு பிழைத்துக் கிடக்கும். காவோருக்குக் கீழே லோத் நதியில் இப்படித்தான். போக்குவரத்தெல்லாம் டி811-ல் போக, தென்கரையில் டி8 துவெல், லுஸெக் என்று நதியின் வளைவுகளோடு நிதானமாகப் போகிறது.

எனக்குப் பிடித்தது லோத் கூட இல்லை, அதில் வந்து சேரும் செலே என்ற சின்ன ஆறுதான். துலூஸிலிருந்து ரயிலில் ஃபிஜாக் போய் இறங்கி, டி41-ஐப் பிடித்து ஆற்றோடு கீழே இறங்கி, கோந்துஷே என்ற இடத்தில் லோத் நதியைத் தொட்டு, அங்கிருந்து காவோர். சுமார் 80 கிலோமீட்டர். மாலை காவோரிலிருந்து ரயிலில் துலூஸ் திரும்பிவிடலாம். (ஃபிஜாக், எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியன் பிறந்த ஊர். ரொசெட்டா கல்லின் பெரிய நகல் ஒன்றை அங்கே ஒரு முற்றத்தின் தரையிலேயே பதித்திருக்கிறார்கள். பத்து நிமிடம் ஒதுக்கலாம்.)

செலே ஆறு, கோஸ் என்று அவர்கள் சொல்லும் சுண்ணாம்புக்கல் பீடபூமியை அறுத்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் வெளிர்நிறப் பாறைச் சுவர். சில இடங்களில் பாறை ரோட்டின் மேலேயே கவிந்து நிற்கும். எஸ்பன்யாக்கில் ஒரு பழைய கன்னியர் மடம், மார்சியாக்கில் பாதி இடிந்த பெனடிக்டின் மடாலயம். பாறைச் சுவரின் பாதி உயரத்தில் குகை வாயை அடைத்துக் கட்டிய சுவர்களைப் பார்க்கலாம். நூறாண்டுப் போர்க் கால அரண்கள், ஊர்க்காரர்கள் 'ஆங்கிலேயர் கோட்டை' என்கிறார்கள். கப்ரெரே ஊருக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922-ல் இரண்டு பையன்கள் உள்ளே ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. புள்ளி போட்ட குதிரைகளின் வயது ஏறத்தாழ 29,000 ஆண்டுகள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்துத்தான் விடுகிறார்கள், முன்பதிவு செய்யுங்கள். குகைக்கு ஏற்றம் இருக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வேகமாகப் போக வேண்டியவர்கள் பீடபூமி மேலேயே போய்விடுவதால் டி41-ல் லாரி கிடையாது. கோந்துஷே தாண்டி டி662-லும் பரவாயில்லை. வேர் என்ற ஊருக்கு அப்புறம் டி653-ல் கார்கள் சேர்ந்துகொள்ளும், கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, ஆளில்லாத ஊர்களுக்கு இவ்வளவு ரோடு எதற்கு? பிரான்ஸில் மாவட்ட ரோடு மட்டும் 3.8 லட்சம் கிலோமீட்டருக்குப் பக்கம், கொம்யூன் எனப்படும் ஊராட்சிகளின் ரோடு சுமார் 7 லட்சம். சராசரியாக ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் 2 கிலோமீட்டர் ரோடு. இதற்கு அடித்தளம் போட்டது 1836 மே 21-ல் வந்த சட்டம். ஊர் ரோடுகளைப் பராமரிப்பது ஒவ்வொரு கொம்யூனுக்கும் கட்டாயம் என்றது. பணம் போதாவிட்டால் ஊர்க்காரர்களிடம் வருடத்துக்கு மூன்று நாள் வரை உழைப்பாக வாங்கலாம். ஆளும் வரவேண்டும், வீட்டில் மாட்டு வண்டி இருந்தால் அதுவும் வரவேண்டும். நாம் இன்று மிதித்துப் போகிற வளைவுகளில் பல, அப்படிக் கல் சுமந்து போட்டவை.

அவர்கள் ரோடு போட்டது நெரிசலான ஒரு நாட்டுப்புறத்துக்கு. 1851-ல் லோத் மாவட்ட மக்கள்தொகை சுமார் 2,96,000. இன்று சுமார் 1,75,000. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி திராட்சைக் கொடிகளைத் தின்று தீர்த்தது. ரயில் வந்ததும் நதியில் சரக்குப் படகுகள் நின்றன. 1926-ல் லோத் நதியைப் படகுப் போக்குவரத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதே ரயில் இளைஞர்களைப் பாரிஸுக்கும் கூட்டிப் போனது. நடுவில் முதல் உலகப் போர். 1956 பிப்ரவரி உறைபனியில் காவோரின் மிச்சத் திராட்சையும் ஏறக்குறைய முழுசாகப் போனது. திராட்சை மறுபடி வந்துவிட்டது, காவோர் வைன் இன்று பேர் பெற்றது. மக்கள் அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

மூன்று லட்சம் பேருக்கான ரோட்டில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அமைதி அமைதி என்று போட்டோ எடுத்துத் தள்ளியவனுக்கு இது தெரிந்த பிறகு கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த ரோட்டை இன்னமும் தார் போட்டு வைத்திருக்கிறவர்கள் மிச்சமிருக்கும் கொஞ்சம் பேர்தான். செலவைக் குறைக்க, கோடையில் தார் தெளித்து மேலே பொடிக்கல்லைக் கொட்டிவிடுவார்கள். 'கிராவியோன்' என்று பலகை வைத்திருப்பார்கள். பார்த்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள், வளைவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். என் முழங்கையில் இருக்கும் தழும்பு அதைப் படிக்கத் தெரியாத காலத்தது.

இன்னும் இரண்டு விஷயம். பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் இருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. ஊருக்கு வெளியே கார்கள் சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டர் இடம் விட வேண்டும் என்று சட்டம், பெரும்பாலும் விடுகிறார்கள். மத்தியானம் 12 மணிக்குக் கடை மூடினால் 2 மணிக்கு மேல்தான் திறக்கும், சின்ன ஊர்களில் கடையே இருக்காது. அதனால் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். முதலில் எனக்கும் ஒரு மாதிரி இருந்தது, ஆனால் அங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பூச்செடிகளுக்கு ஊற்ற வாசலருகே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கத் தகாத நீர் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செலே கரையில் ஒரு குட்டி ஊரில் அப்படி பாட்டிலை நிரப்பிக்கொண்டு நின்றேன். பக்கத்திலேயே 1914–1918 போரில் இறந்தவர்களின் நினைவுக்கல். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தது. கண்ணில் பட்ட வீடுகளை எண்ணினேன். கல்லில் இருந்த பெயர்களைவிடக் குறைவு, அதிலும் பாதிக்கு ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் இரண்டு கல்லறைகளில் பூ புதுசாக இருந்தது. மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது அந்த முக்கால் மணி நேரத்தில் முதல் வண்டி வந்தது. தபால் இலாகாவின் மஞ்சள் வேன். ஒரு வீட்டு வாசலில் நின்று, எதையோ பெட்டியில் போட்டுவிட்டு, எனக்கும் கை அசைத்துவிட்டு அடுத்த வளைவில் மறைந்தது.