கொண்ட கடலும் தந்த கடலும்

தமிழில் கடலைப் பற்றிய பெரும் கதையாடல்கள் இரண்டு. ஒன்று, நிலத்தைக் கொண்டுபோன கடல்: இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் கடல்கோள், பின்னாளில் குமரிக்கண்டம். இன்னொன்று, அரசன் வென்ற கடல்: கடாரம் கொண்ட ராஜேந்திரன். ஒன்றில் இழப்பு, மற்றதில் வெற்றி. மூன்றாவதாகவும் ஒரு கடல் உண்டு. அது யாருடைய நிலத்தையும் கொள்ளவில்லை. எந்த அரசனும் அதை வெல்லவில்லை. வந்தது, இருந்தது, நிலத்தைத் தந்துவிட்டுப் போனது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி மேடுகள் அந்தக் கடல் தந்தவை. நம் கதைகளில் அதற்கு இடமில்லை. இடமில்லாததால் என்ன நேர்கிறது என்பதே இங்கு என் கேள்வி.

முதலில் கடல் வந்த விதம். கோண்ட்வானா என்ற பெருநிலம் உடைந்து, இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்தபோது, கிழக்கு ஓரத்தில் நிலம் விரிசல் கண்டு தாழ்ந்தது. காவிரிப் படுகை என்று நிலவியலாளர் சொல்வது இதைத்தான். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாழ்வில் கடல் ஏறியது. ஒரே மூச்சில் வந்து போய்விடவில்லை. பலமுறை ஏறியும் பின்வாங்கியும் 6 கோடி ஆண்டு வாக்கில்தான் இந்த மேட்டை விட்டு விலகியது. அது விட்டுச்சென்ற அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கே ஊட்டத்தூர், காரைப் பக்கம் மூத்த பாறை. கிழக்கே செந்துறை, நின்னியூர்ப் பக்கம் இளைய பாறை. காரையிலிருந்து பஸ் மாறி மாறிச் செந்துறைக்குப் போகிற ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ, சில கோடி ஆண்டுகளைக் கடக்கிறார். ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர் என்ற பெயர்கள் உலக நிலவியல் ஏடுகளில் பாறை அடுக்குகளின் பெயர்களாக நிற்கின்றன. நமக்கு அவை பஸ் நிறுத்தங்கள்.

காரையில் இறங்கி நடந்தேன். சோளமும் பருத்தியும் நிற்கிற நிலம் சட்டென்று முடிந்து, செம்பழுப்பும் சாம்பலுமாகக் களிமண் மேடுகள் தொடங்குகின்றன. வேர் பிடிக்காத மண். மழை அதை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துவைத்திருக்கிறது. நடுநடுவே ஜிப்சம் கண்ணாடிச் சில்லுபோல் மின்னுகிறது. காலடியில் கிடக்கும் தோட்டா வடிவக் கல், கணவாயின் தொலைதூர உறவான பெலம்னைட்டின் உள்ளோடு. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்டிருப்பது அம்மோனைட். ஓட்டின் அறைகளில் சேறு புகுந்து இறுகிக் கல்லானது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கடலடிச் சேற்றில் புதைந்த மரத்தின் இழைகளில் சிலிக்கா ஊறி, மரத்தின் உருவத்தைக் கல்லில் காத்துவைத்தது.

இந்த நிலத்துக்கு எந்தத் திணை? முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். நெய்தல் திரிந்தால் என்னவாகும் என்று சொல்ல நம்மிடம் சொல் இல்லை. கவிதை கைவிட்ட இடத்தில் வருவாய்த்துறை சொல் வைத்திருந்தது: தரிசு, புறம்போக்கு. 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எழுதிவைக்கும் சொற்கள் இவை. ஒன்றுமில்லாத இடத்தைத் தோண்டினால் யார் கேட்பது?

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862இல் விரிவாக எழுதிய ஹென்றி பிளான்ஃபோர்ட், 1875இல் இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த ஒரு பழைய நிலம் இருந்ததென வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளில் நேட்டால் கிளிஞ்சல்களுக்கும் திருச்சிப் பகுதிக் கிளிஞ்சல்களுக்கும் உள்ள ஒற்றுமையும் ஒன்று. 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் பெயரிட்ட லெமூரியாவுக்கு இப்படியும் வலு சேர்ந்தது. அந்த லெமூரியா தமிழில் குமரிக்கண்டமாக மாறிய கதையைச் சுமதி ராமசாமி 2004இல் வெளிவந்த தம் நூலில் விவரிக்கிறார். பின்னாளைய நிலவியல் அப்படியொரு கண்டம் மூழ்கியதை ஏற்கவில்லை. ஆக, சான்றாகக் காட்டப்பட்ட கிளிஞ்சல் நம் மண்ணில் கிடக்க, அதைக் கொண்டு ஊகித்த நிலத்துக்காக நாம் அழுதோம்.

பக்கத்துக் கல்லக்குடியும் இதே கடலின் கரைதான். அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் பழைய பவளத்திட்டு இருக்கிறது. 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து தி.மு.க. அங்கே போராடியது, மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகைக்கு நடந்த போராட்டம், பலகைக்கு அடியில் இருந்த கல்லுக்கு நடக்கவில்லை. மொழி நமக்கு அரசியலானது, நிலம் ஆகவில்லை.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் பெருமளவு சிப்பி. அரியலூரைச் சிமெண்டு ஊராக்கியது இதுதான். அந்தப் பக்கம் ஒரு சுரங்கக் குழியின் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் ஒரு கல்லைக் காட்டி, "இதென்ன ஆயா?" என்றேன். "நத்ததான் தம்பி. எந்தக் காலத்துலயோ இங்க மேஞ்சது" என்றார். எந்த நூலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. குழியைப் பற்றிக் கேட்டேன். "இந்தக் கல்லுதான் எனக்குக் கூரையப் போட்டுக் குடுத்துச்சு. வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்? ஆனா ஆட்ட அவுத்துவிட எடமில்லாமப் போயிருச்சே." இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் நம் அரசியல் தொடங்க வேண்டும். ஒழுகும் கூரையின் கீழ் இருந்தவரிடம் போய்ச் சிமெண்டு தீது என்று சொல்வது மேட்டிமைத்தனம். அவர் ஆட்டுக்கு இடமில்லை என்பதைக் காதில் வாங்காதது அதைவிடக் கொடுமை.

2020இல் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாகச் செய்தி பரவிக் கூட்டம் கூடியது. அவை அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்றார்கள் நிலவியலாளர்கள், ஆர்வம் வடிந்துவிட்டது. ராட்சதனுக்குத்தான் மரியாதை, நத்தைக்கு இல்லை. அந்த ராட்சதனையாவது காத்தோமா? கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் விலங்கின் எலும்புகளுக்கு 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு எழுதினார்கள். எலும்புகள் பின்பு பொடிந்துபோயின. மூலம் அழிந்து பிரதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இனி, வேதியியல் கணக்கு ஒன்று. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயுவாக மேலே போகிறது. சிப்பிகள் பழங்கடலில் ஓடாகக் கட்டிவைத்த கரி அது. சூளை அதைக் காற்றில் அவிழ்க்கிறது, காற்று சூடாகிறது, கடல் மட்டம் உயர்கிறது. தந்த கடலை எரித்து, கொள்ளும் கடலை நாமே வரவழைத்துக்கொண்டிருக்கிறோம். கடல்கோள் இனி பழங்கதையாக மட்டும் இருக்காது.

சாத்தனூரில் வேலி போட்டாயிற்று. வாரணவாசியில் அருங்காட்சியகமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் வேலிக்கு உள்ளே இருப்பது மட்டுமே பாரம்பரியம் என்றால், வெளியே உள்ளது அனைத்தும் கச்சாப்பொருள் என்றாகிவிடும். தோண்டும் முன் என்ன இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். மேய்ச்சல் நிலத்தை விட்டுவைக்க வேண்டும். தோண்டிய குழி எவர் பொறுப்பு என்பதை ஊர் கேட்க வேண்டும். எழுதுகிற நாம் செய்யக்கூடியது, 'ஒன்றுமில்லை' என்று எழுதப்பட்ட இடத்தில் இருப்பதை எழுதுவது. இதை எழுதிக்கொண்டிருக்கும் என் வீட்டுச் சுவரும் சிமெண்டுதான். அந்தக் கணக்கும் இதில் சேர்த்தி.