ஐந்து பைசாவும் ஒரு கோடிப் பேரும்

1971ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இரவு, இன்று வங்காள தேசம் எனப்படும் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவத்தின் கொடுமை தொடங்கிற்று. முந்திய நவம்பரில்தான் ஒரு பெரும் புயல் அங்கே லட்சக்கணக்கானோரைப் பலிகொண்டிருந்தது. உயிருக்கு அஞ்சி மேற்கு வங்காளம், திரிபுரா, மேகாலயா, அஸ்ஸாம் பகுதிகளுக்கு ஓடிவந்தோர் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர்.

அத்தனை பேருக்கும் நாள்தோறும் அரிசி, பருப்பு, மருந்து, ஒரு கூரை வேண்டும். கல்கத்தாவை அடுத்த சால்ட் லேக் முகாமில் அன்னை தெரேசாவின் சகோதரிகள் பணியாற்றினர். பன்காவில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் அருமை அங்கேதான் தெளிவாயிற்று.

பிற நாடுகளும் உதவின. ஆயினும் பெருஞ்சுமை நம் நாட்டின்மீதே விழுந்தது. அரசாங்கம் ரயில் பயணத்திற்கும், விமானப் பயணத்திற்கும், தபாலுக்கும் புதிய வரி விதித்தது. 1971 நவம்பர் 15 முதல், கடிதத்தில் வழக்கமான தபால் தலையுடன் 5 பைசாவுக்கு இன்னொரு தலையும் ஒட்டவேண்டும். அவசரத்திற்கு, பழைய 5 பைசாத் தலைகளின்மேல் ‘அகதிகள் நிவாரணம்’ என்ற பொருளில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு விற்றார்கள். டிசம்பரில் அகதிகளின் படத்துடன் தனித் தலையே வந்துவிட்டது.

ஐந்து பைசா அற்பம் என்று எண்ணாதீர்கள், தோழியரே! உறையிட்ட கடிதத்திற்கு அன்று 20 பைசாதான் கட்டணம். அதில் கால் பங்கு கூடிற்று. சிங்காநல்லூர் பஞ்சாலைத் தொழிலாளியும், பொள்ளாச்சி தென்னந்தோப்புக்காரரும் தாம் கண்டிராத வங்காளிக்காக அதைக் கொடுத்தார்கள்.

கட்டாயமாக வாங்கியது எப்படி உதவியாகும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உண்டியல் எடுத்து வசூலிப்பதில்தான் மனமுவந்து கொடுக்கும் அழகு உண்டு. ஆனால் செய்தி பழசானதும் உண்டியல் இலேசாகிவிடும். முகாமில் அடுப்பு மட்டும் தினமும் எரிந்தாக வேண்டும். அந்த நிச்சயத்தைத் தந்தது வரிதான் என்பது என் எண்ணம்.

1971 டிசம்பர் 16ஆம் நாள் போர் ஓய்ந்தது. மறு ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே அகதிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். தபால் வரியோ 1973 மார்ச் 31 வரை நீடித்தது, கடன் அடையவேண்டாமா?

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அக்காலத்துக் கடித உறை கிடைத்தால், ஆல்பத்திற்காகத் தலையை நனைத்து உரித்துவிடாதீர்கள். இரண்டு தலைகளும், தேதி முத்திரையும் உறையோடே இருக்கட்டும்.