பால் இருக்கும்போதே கறவையை நிறுத்துங்கள்

கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுப் பின்வளவில் ஒரு ஜமுனாபாரிக் கலப்பு மறி நிற்கிறது. சினைப்பட்டு மூன்று மாதம் கழிந்தும் காலையில் செம்பு நிறையக் கறக்கிறது. "இவ்வளவு பால் வருகுது, எப்பிடியடி நிப்பாட்டுறது?" என்று அக்கா கேட்டா. கால்நடைப் போதனாசிரியையாக இருந்த காலத்தில் வடக்கில் எத்தனையோ வீடுகளில் என்னிடம் கேட்ட கேள்விதான். நிறுத்தத்தான் வேண்டும்.

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கடைசி இரண்டு மாதத்தில்தான் குட்டி வேகமாக வளர்கிறது. மடி தன் திசுக்களைப் புதுப்பித்துக்கொள்வதும், கடும்புப் பால் ஊறுவதும் அந்த ஓய்வில்தான். ஆகவே குட்டி போட 60 நாள் இருக்கும்போதே கறவையை முடித்துவிட வேண்டும். நாட்டாடு பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். ஜமுனாபாரி, சானன் போன்ற கறவை இனங்கள் அப்படியல்ல. தன் உடம்பைக் கரைத்தாவது சுரந்துகொண்டிருக்கும்.

முதலில் தீனியைக் கவனியுங்கள். புண்ணாக்கு, தவிடு இரண்டையும் நிறுத்தி, பச்சைக் குழையைக் குறைத்து, சில நாட்களுக்கு வைக்கோல் போடுங்கள். கொழும்பில் மிஞ்சிய பாணையும் சோற்றையும் ஆட்டுக்கு வைக்கிற பழக்கம் உண்டு. பாலை ஊறவைப்பதோடு வயிற்றையும் புளிக்கச் செய்யும் தீனி அது. தண்ணீரை மட்டும் ஒருநாளும் குறைக்காதீர்கள். இந்த வெக்கையில் அது கொடுமை.

பால் இறங்கியதும் முதற்பீரைக் கறுப்புக் கோப்பையில் பீய்ச்சிப் பாருங்கள். திரி திரியாக வந்தால் மடிநோய். மிருகவைத்தியரிடம் காட்டாமல் மேலே போகக் கூடாது. சுத்தமாக இருந்தால், மடியை ஒட்டக் கறந்து, காம்புகளை அயடின் கரைசலில் தோய்த்து, அதோடு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் மடி விம்மி இறுகும். அந்த இறுக்கந்தான் சுரப்பை நிறுத்துகிறது. பாவம் பார்த்துக் கறந்தால் பால் திரும்பவும் ஊறும். தினமும் கைவைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் சுட்டால், சிவந்தால், ஆடு தீனியைத் தள்ளினால் தாமதிக்கக் கூடாது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் சீமெந்துத் தரை காய்வதே இல்லை. ஈரத்தில் படுத்தால் காம்பு வழியே கிருமி ஏறும். பலகைத் தட்டு ஒன்று அடித்துக்கொடுங்கள்.

மடி தளர்ந்த பிறகுதான் பலபேர் அந்த ஆட்டை மறந்துவிடுகிறார்கள். "பால் தராததுக்கு என்னத்துக்குத் தீனி?" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இரட்டைக் குட்டி வயிற்றை அடைத்துக்கொண்டிருக்க, அதனால் வைக்கோலை நிறையத் தின்ன முடியாது. சத்துக் குறைந்தால் உடம்புக் கொழுப்பு அளவுமீறிக் கரைந்து, சினைநஞ்சு கண்டு, தாயும் குட்டியும் சாகும். பால் வற்றியதும் நல்ல பலாக்குழைக்கும் கிளிசிரியாவுக்கும் திரும்புங்கள். கடைசி மூன்று நான்கு கிழமையில் தவிட்டையும் புண்ணாக்கையும் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள், கொழுக்கவும் விடாதீர்கள். ஈர்ப்புவலித் தடுப்பூசியையும் அந்தக் காலத்தில் போடுவிக்கலாம்.

அக்காவின் கவலை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் பாலுக்கு என்ன செய்வதென்பது. அடுத்த முறை இன்னொரு மறியையும் வாங்கி, இரண்டையும் வெவ்வேறு காலத்தில் கிடாயிடம் விடச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அந்தப் பிள்ளைக்குப் பசும்பால்தான்.